ஊசி தாவும் இடம்

சிகாகோ
8 மார்ச் 1971

அன்புள்ள டெல்ஃபினுக்கு,

நான் நலம். கணுக்கால் வீக்கம் வடிந்துவிட்டது. மாடிப்படி ஏறும்போது மட்டும் இன்னும் சுரீர் என்கிறது. உன் உடம்பு எப்படி? பேருந்தில் ஏறினாலே உனக்குக் குமட்டுமே, இஞ்சி மிட்டாய் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாயா?

நீ கிளம்பிய செய்தியை ஹோரஸ் நம் கிளப் மேடையிலேயே அறிவித்துவிட்டான். "நம்ம டெல்ஃபின் பாடகி லுவேனியா ப்ரைஸ் மாதிரி ஆடினா. அந்த லுவேனியாவே நேர்ல வந்து பாத்துட்டு, 'இவ எனக்கு வேணும்'னு தூக்கிட்டுப் போய்ட்டா! தட்டுங்கடி கைய!" எல்லோரும் தட்டினார்கள். கட்டுப் போட்ட காலை ஒரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு நானும் தட்டினேன்.

ஊர் மாறினால் சில விஷயங்கள் மறந்துபோகும். அதனால் எழுதுகிறேன். கோபால்ட் கிளப்பில் ஒரு பாடகியாக வேஷமிட்டு ஆடும் உரிமை ஒருத்திக்குத்தான். அவளை எடுத்துக்கொண்டவள் இருக்கும்வரை இன்னொருத்தி அவள் பாட்டுக்கு வாயசைக்கக் கூடாது. லுவேனியா என்னுடையவள். நான் பனிப்படியில் சறுக்கி விழுந்ததால்தான் இரண்டு வாரத்துக்கு அவளை உனக்குக் கொடுத்தேன். கவுனைக் கொடுத்தேன், இசைத்தட்டையும் கொடுத்தேன். அந்தத் தட்டில் இரண்டாம் சரணத்தில் ஒரு கீறல். ஊசி அங்கே குதித்து, ஒரு வரியை விழுங்கிவிட்டு, அடுத்த வரியில் போய் விழும். நடுவில் ஒன்றும் இருக்காது, கரகரப்பு மட்டும்தான். அந்த நேரத்தை மறைக்கத்தான் நான் வாயை மூடி, முகத்தைத் திருப்பி, உள்ளங்கையைத் தூக்கி நிறுத்த ஆரம்பித்தேன். அந்த வரியைப் பாட எனக்கு மனமில்லை என்பதுபோல. ஊசி விழுந்ததும் கையையும் தோளையும் சேர்த்துச் சரியவிடுவேன். ஜனங்கள் எழுந்து நின்று கத்தியது அதற்குத்தான்.

லுவேனியாவுக்கும் அதுதான் பிடித்ததாம். அப்படியானால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டிருப்பாளே. நீ என்ன சொன்னாய்?

பொய் சொன்னால் வாய்ப்புண் வரும், பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஒடெஸ்ஸா


செயின்ட் லூயிஸ்
30 மார்ச் 1971

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் மூன்று விடுதிகள் சுற்றி வந்து சேர்ந்தது. நான் நலமாக இருக்கிறேன். இஞ்சி மிட்டாய் தீர்ந்துவிட்டது, குமட்டல் தீரவில்லை. காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? ஆடாமல் இருந்தால் உனக்குக் கோபம்தான் வரும் என்று தெரியும்.

லுவேனியா இருக்கிறாளே, மேடையில்தான் அப்படி. காலையில் பார்த்தால் தலைமுடியில் சுருட்டை உருளைகள், காலில் ஆண்கள் சாக்ஸ். விடுதிக் கண்ணாடி முன்னால் நாங்கள் இரண்டு பேரும் நிற்போம். "டெல், அந்தக் கைய இன்னொரு தடவை தூக்கு. ஏன் நீ தூக்கினா ராணி மாதிரி இருக்கு, நான் தூக்கினா பஸ்ஸ நிறுத்தற மாதிரி இருக்கு?" என்பாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அவளும் சிரிப்பாள். பின்பாட்டுப் பாடும் மூன்று பெண்களுக்கும் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே அரங்கில் இரண்டாயிரம் பேர் இருந்திருப்பார்கள். அந்த இடம் வந்தபோது கூரை பறந்துவிடும் போலிருந்தது.

உனக்குப் பட்டு ஸ்டாக்கிங்ஸ் அனுப்பியிருக்கிறேன். ஹோரஸையும் பெண்களையும் கேட்டதாகச் சொல்.

அன்புத் தங்கை,
டெல்ஃபின்


சிகாகோ
12 ஏப்ரல் 1971

அன்புள்ள டெல்ஃபின்,

நலம். காலும் நலம். போன சனிக்கிழமை மேடை ஏறிவிட்டேன். உனக்குக் குமட்டல் நிற்கவில்லை என்றால் வெறும் வயிற்றில் பேருந்து ஏறாதே.

ஸ்டாக்கிங்ஸ் வந்தது. அளவு சின்னது. உன் அளவு. புதிதாகச் சேர்ந்திருக்கும் மிமோசாவுக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு இருபது வயதுதான், முழங்கால் இரண்டும் கன்றுக்குட்டி மாதிரி. உன்னைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறாள். "டெல்ஃபின் அக்கா என்ன போட்டுப்பாங்க? எப்படி நடப்பாங்க?" நான் என்ன பதில் சொல்ல? என்னைப் போலத்தான் நடப்பாள் என்றேன். அவள் நம்பவில்லை.

கடிதத்தில் எல்லாம் எழுதினாய். லுவேனியாவின் சாக்ஸைக்கூட எழுதினாய். நான் கேட்டதற்கு மட்டும் பதில் எழுத இடம் போதவில்லை போலிருக்கிறது. இந்த முறை முதல் வரியிலேயே எழுதிவிடு.

ஒரு புகைப்படமும் அனுப்பு. அவளோடு நிற்பது.

ஒடெஸ்ஸா


லாஸ் ஏஞ்சல்ஸ்
6 ஜூன் 1971

அன்பு அக்காவுக்கு,

முதல் வரியிலேயே எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்: உன் பெயர் இங்கே எல்லோருக்கும் தெரியும். பேஸ் கிட்டார் வாசிக்கும் கிழவர் "உங்க ஒடெஸ்ஸா செய்ற கெளுத்தி வறுவல் எனக்கு எப்போ?" என்று தினமும் கேட்கிறார்.

நீ நலம்தானே? இங்கே வெயில். எனக்குத் தலைவலி மட்டும் வருகிறது, மற்றபடி குறையில்லை. மேனேஜர் ஃபோன்டேன் நல்ல மாதிரி. வெளியாட்கள் வந்தால் நான் உடை பார்க்கிறவள் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார். "நீ திருநங்கைன்னு வெளியில தெரிஞ்சா தெற்கு மாநிலங்கள்ல ஒரு அரங்கம் நமக்குத் திறக்காது. புரியுதில்ல கண்ணு?" என்றார். புரிகிறது என்றேன். பெரிய விடுதிகளில் சமையலறை வாசல் வழியாகப் போகிறேன். நல்லதுதான். சமையல்காரர்கள் எல்லோருக்கும் முன்னால் எனக்குச் சாப்பாடு வைத்துவிடுகிறார்கள்.

முக்கியமான செய்தி: இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை லுவேனியா தொலைக்காட்சியில் வருகிறாள். நாடு முழுக்கப் பார்க்கும். கிளப்பில் எல்லோரையும் கூட்டிவைத்துப் பார்.

புகைப்படம் எடுக்க இன்னும் வாய்க்கவில்லை.

அன்புத் தங்கை,
டெல்ஃபின்


சிகாகோ
21 ஜூன் 1971

டெல்ஃபின்,

நலமா? தலைவலிக்கு ஆஸ்பிரினை நம்பாதே, நன்றாகத் தூங்கு.

ஹோரஸ் தன் வீட்டிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கிளப்பின் மதுமேசை மேல் வைத்தான். ஆன்டென்னாவை மிமோசா பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் சரணம் வந்தது. லுவேனியா வாயை மூடினாள், முகத்தைத் திருப்பினாள், கையைத் தூக்கினாள். எங்கள் பெண்கள் எல்லோரும் "ஒடெஸ்ஸா! ஒடெஸ்ஸா!" என்று கத்தினார்கள். பொய் சொல்லவில்லை, அந்த நிமிடம் நான் உன்னை ஆசீர்வதித்தேன்.

பிறகு நிகழ்ச்சி நடத்துகிற அந்த வழுக்கைத் தலைக்காரன் கேட்டான்: "மிஸ் ப்ரைஸ், அந்தக் கை! அது எங்கேருந்து வந்துச்சு?" லுவேனியா சிரித்தாள். "குளிச்சிட்டிருக்கும்போது வந்துச்சு. சோப்பு கண்ல போயிடுச்சு, கையத் தூக்கினேன்!" அங்கே எல்லோரும் சிரித்தார்கள்.

இங்கே யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மிமோசா ஆன்டென்னாவை விட்டுவிட்டாள். திரையில் பனிபோல் வெள்ளைப் புள்ளிகள் கொட்டின. "சரி சரி, யாருக்கு என்ன குடிக்க வேணும்?" என்றான் ஹோரஸ்.

இரண்டு விஷயம். ஒன்று, அவள் கையைச் சீக்கிரம் இறக்குகிறாள். அது நிறுத்தமே இல்லை, கொட்டாவி. நீ அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாயா? இரண்டு, என் பெயர் எல்லோருக்கும் தெரியும் என்று எழுதினாயே. அந்த எல்லோரில் லுவேனியா உண்டா?

ஒடெஸ்ஸா


அட்லாண்டா
19 ஆகஸ்ட் 1971

அன்பு அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. காய்ச்சலில் கிடந்தேன், இப்போது தேவலை. நீ எப்படி இருக்கிறாய்?

தொலைக்காட்சியில் என்ன பேச வேண்டும் என்று ஃபோன்டேன்தான் எழுதிக் கொடுப்பார். சோப்பு அவருடைய யோசனை.

ஒத்திகை இப்போது முன்புபோல் இல்லை. ஜூலையில் ஒருநாள் நான் பெண்களுக்கு அந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது வாத்தியக்காரர்கள் எல்லோரும் எழுந்து கைதட்டிவிட்டார்கள். லுவேனியா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் தட்டினாள். மறுநாளிலிருந்து வாத்தியக்காரர்கள் இருக்கும்போது என்னைக் கூப்பிடுவதில்லை. கவுனுக்கு மணி தைக்கிறேன். தையல் எனக்குப் பிடிக்கும், உனக்குத்தான் தெரியுமே.

இங்கே மழை. பீச் பழம் மலிவு.

டெல்ஃபின்


சிகாகோ
3 நவம்பர் 1971

டெல்ஃபின்,

நீ கொண்டுபோன நிறுத்தம் ஊரெல்லாம் நிற்கிறது. மூலைக்கடைச் சுவரில் சவுரி விளம்பரம், அதில் ஒருத்தி உள்ளங்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். கயிறு தாண்டும் சிறுமிகள் நடுவில் நின்று, கையைத் தூக்கி, மறுபடி தாண்டுகிறார்கள். மளிகைக்கடைக்காரர் எனக்குக் கடன் இல்லை என்பதை அந்தக் கையால்தான் சொன்னார். சர்ச்சில் இடம் காட்டுகிற அம்மாள், வெள்ளைக் கையுறை போட்டவள், என்னைக் கடைசி வரிசையில் நிறுத்திவைக்க அதே கையைத் தூக்குகிறாள். தோளைக்கூடச் சரித்தாள்!

அதெல்லாம் போகட்டும். ஹாலோவீன் போட்டியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஊரே வேஷம் கட்டுவதால், வருஷத்தில் அந்த ஒரு இரவுதான் போலீஸ் நம்மைப் பெண் உடைக்காகப் பிடித்துக்கொண்டு போவதில்லை. சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் இருக்கிற நம் ஆட்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள், பார்க்க வந்த குடும்பங்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. லுவேனியாவாக நான் ஏறினேன். மிமோசாவும் ஏறினாள், லுவேனியாவாகவே! கேட்டால், "அது கோபால்ட் ரூல் அக்கா, இங்க இல்லியே" என்கிறாள்.

அவள் தொலைக்காட்சியில் பார்த்ததைச் செய்தாள். அந்தக் கொட்டாவியை. நான் என்னுடையதைச் செய்தேன். ஊசி விழும்வரை நின்றேன்.

கோப்பை மிமோசாவுக்கு.

நடுவர்களில் ஒருத்தி பிறகு என் தோளைத் தட்டிச் சொன்னாள்: "அழகாத்தான் இருந்துச்சு ஒடெஸ்ஸா. ஆனா அந்த நிறுத்தத்துல நீ லேட். லுவேனியா அவ்வளவு நேரம் நிக்கமாட்டா. டிவி பாக்கறதில்லியா நீ?"

என்னைப் பார்த்து. என் நிறுத்தத்தை.

நான் ஜூனில் கேட்ட கேள்விக்கு நீ ஆகஸ்டில் சோப்பைப் பற்றி எழுதினாய். இனிமேல் எழுத ஒன்றுமில்லை என்றால் எழுதாதே.

ஒ.


மெம்ஃபிஸ்
18 டிசம்பர் 1971

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நீ கோப்பையை இழந்தாய். எனக்கு மேடையே இல்லை. மார்ச் மாதத்திலிருந்து நான் ஒருமுறைகூட விளக்குக்கு முன்னால் நிற்கவில்லை, தெரியுமா? திரைக்குப் பின்னால் நிற்கிறேன், வாயில் குண்டூசி. அந்த இடம் வரும்போது என் கை தானாக எழும். மேடைத் தச்சன் ஒருவன் பார்த்துவிட்டு, "பாரு, தையக்காரம்மாவும் லுவேனியா மாதிரி பண்றா" என்றான். அவன் பாராட்டத்தான் சொன்னான்.

சனிக்கிழமை ஆனால் நீ கோபால்ட்டில் ஏறுவாய். ஹோரஸ் உன் பெயரை நீட்டி நீட்டிச் சொல்வான். பெண்கள் பெயர் சொல்லிக் கத்துவார்கள். நீ லேட் என்று சொல்லவாவது உன்னைப் பார்க்க ஆள் இருக்கிறது. என்மேல் பொறாமைப்படுகிறாய் என்று உன் ஒவ்வொரு கடிதமும் சொல்கிறது. உன்னை நினைத்து நான் பேருந்தில் எத்தனை ஊர் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது.

கிறிஸ்துமஸுக்குக் கையுறை அனுப்புகிறேன். இந்த முறை உன் அளவு.

டெல்ஃபின்


சிகாகோ
20 பிப்ரவரி 1972

டெல்ஃபின்,

கையுறை சரியாக இருக்கிறது. ஏரிக்காற்று இந்த வருஷம் தோலை உரிக்கிறது.

வெள்ளிக்கிழமை லுவேனியா வந்தாள். பெரிய அரங்கில் கச்சேரி முடித்துவிட்டு நேராக கோபால்ட்டுக்கு, ரோமக்கோட்டோடு, ஃபோன்டேனோடு. நீ வரவில்லை. உனக்குக் காய்ச்சல், விடுதியில் படுத்திருக்கிறாய் என்று அவர் சொன்னார். கோபால்ட்டுக்கு நடந்து வருகிற தூரத்தில் இருக்கும் விடுதியில் உனக்கு எப்படித்தான் காய்ச்சல் வந்ததோ.

நான் அவளுக்கு முன்னாலேயே அவளாக நின்றேன். முழு நிறுத்தம் கொடுத்தேன். முடிந்ததும் அவள் அலங்கார அறைக்கு வந்து என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "அடி அம்மா, என்னைவிட நீ என்னை நல்லா பண்றே! ஒண்ணே ஒண்ணு, தப்பா எடுத்துக்காதே. அந்தக் கை மட்டும் கொஞ்சம் லேட்டு. எங்க டெல்லோட கை அது. அவளக் கேளு, ஒரு சாயங்காலத்துல கத்துக் குடுத்துடுவா."

மிமோசா பாதி உதட்டுக்குச் சாயம் போட்டபடி நின்றுவிட்டாள். ஹோரஸ் வாயைத் திறந்தான். நான் அவன் காலை ஓங்கி மிதித்தேன்.

"சரிங்க மிஸ் ப்ரைஸ். கேட்டுக்கறேன்" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று பெண்கள் என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். சொல்லியிருந்தால் அன்றைக்கே உனக்கு வேலை போயிருக்கும். போகட்டும் என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு வருஷமாக அந்த ஒரு வார்த்தையை அவளிடம் சொல்லத்தான் காத்திருந்தேன். அவள் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அதை நான் சொன்னால் அது புகார். நீ சொன்னால்தான் அது உண்மை.

ஆகவே, லுவேனியா ப்ரைஸ் உத்தரவு போட்டிருக்கிறாள். கிளம்பி வா. பெண்கள் எல்லோரும் பார்க்க, மேடையில் நின்று, என் கையை எனக்குக் கற்றுக்கொடு. நான் மந்தமான மாணவி. நேரமாகும்.

ஒடெஸ்ஸா


டொலிடோ
16 ஏப்ரல் 1972

அன்பு அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தை மார்ச் முழுக்கக் கைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். வெள்ளிக்கிழமை க்ளீவ்லாண்ட் போகும் பேருந்தில் லுவேனியாவின் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. போய் உட்கார்ந்து சொன்னேன். கீறலைச் சொன்னேன், நீ சறுக்கி விழுந்ததைச் சொன்னேன், சிகாகோவில் அவள் பிடித்தது யார் கன்னத்தை என்று சொன்னேன்.

அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்போ அவ லேட் இல்ல. நான்தான் அவசரப்படறேனா?" என்றாள்.

"ஆமா."

"ஒரு வருஷமாவா?"

"ஆமா."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

நான் எழுந்து என் இருக்கைக்குப் போய்விட்டேன்.

அன்று மேடையில் இரண்டாம் சரணம் வந்தது. அவள் வாயை மூடி, முகத்தைத் திருப்பி, கையைத் தூக்கினாள். இறக்கவில்லை. டிரம்ஸ்காரன் குச்சியைத் தூக்கியவன் தூக்கியபடி நின்றுவிட்டான். பேஸ் கிழவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அரங்கில் யாரோ ஒருத்தி "ஐயோ கடவுளே" என்றாள். ஊசி எப்போது விழும் என்று எனக்கு ஒருபோதும் சரியாகத் தெரிந்ததில்லை அக்கா. உன் தட்டை வைத்து ஆடிய இரண்டு வாரமும் குத்துமதிப்பாகத்தான் கையை இறக்கினேன். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததும் அந்தக் குத்துமதிப்பைத்தான். ஆனால் அன்று அவள் தோள் சரிந்ததைப் பார்த்தபோது, இதோ, இதுதான் என்று தெரிந்தது. உன்னை ஒரே ஒரு இரவு பார்த்திருக்கிறாள், அதுவும் தப்பு என்று நினைத்துக்கொண்டு. அதை மறக்கவில்லை.

கூட்டம் கத்தியது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. திரைக்குப் பின்னால் நின்று அழுதேன். பொறாமைதான். லுவேனியாமேல் இல்லை, உன்மேல்.

உன் பெயரை அவள் எங்கேயும் சொல்லவில்லை. சொல்வாள் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

இன்று காலை பேருந்து இங்கே காபிக்காக நின்றது. நான் முகம் கழுவிவிட்டு வந்தபோது என் பெட்டி கடைவாசலில் இருந்தது. பேருந்து இல்லை. பெட்டிமேல் அவளுடைய ஆண்கள் சாக்ஸ் ஒரு ஜோடி, துவைத்து மடித்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

என் படுக்கை இன்னும் அங்கேதான் இருக்கிறதா? பதிலை இந்தக் கடை முகவரிக்கே போடு.

டெல்ஃபின்


சிகாகோ
19 ஏப்ரல் 1972

அன்புள்ள டெல்ஃபினுக்கு,

நான் நலம். நீ சாப்பிட்டாயா?

படுக்கை இருக்கிறது. லுவேனியா கிடையாது. அவள் என்னுடையவள், இப்போது முன்பைவிட அதிகமாக. உனக்கு வேறொருத்தியைப் பார்த்துக்கொள், ஹோரஸிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மிமோசா நீ வருகிறாய் என்று கேட்டதிலிருந்து நகம் பூசிக்கொண்டிருக்கிறாள்.

உன் கடிதத்தில் அந்தப் பக்கத்தை நிறைய தடவை படித்துவிட்டேன். எழுத்தில் எனக்குப் போதவில்லை. கையை எந்த உயரத்தில் வைத்தாள்? முகத்தை எந்தப் பக்கம் திருப்பினாள்? டிரம்ஸ்காரன் குச்சி எங்கே நின்றது? அரங்கமே பார்த்துவிட்டது, க்ளீவ்லாண்ட்டில் பாப்கார்ன் விற்றவன்கூடப் பார்த்துவிட்டான், நான் மட்டும் பார்க்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு உன்னைக் கிள்ள வேண்டும் போலிருக்கிறது.

பெட்டியை வாசலிலேயே வை. வந்ததும் அவள் எப்படி நின்றாளோ அப்படியே நின்று காட்டு. சரியாகத்தான் நின்றாளா என்று நான் பார்க்க வேண்டும். சாப்பாடெல்லாம் அப்புறம்.

உன் அக்கா,
ஒடெஸ்ஸா